சதுக்கம் யாருடையது? பாரிமுனை சொல்லும் வணிக வரலாறு



திருவாலங்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மில் பெரும்பாலோர், விடியற்காலை அரக்கோணம் லோக்கலில் ஏறிச் சென்னைக்குக் கொள்முதலுக்குப் போய்ப் பழகியவர்கள். கையில் ஒரு துணிப்பை, சட்டைப்பையில் சிட்டை, உள்பையில் ரொக்கம். திருவள்ளூர், ஆவடி, பெரம்பூர் எல்லாம் கடந்து வண்டி போய் நிற்கும் இடத்துக்குப் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். அங்கே மார்க்கெட் எதுவும் இல்லை. ரயில் நடைமேடைகள்தான் இருக்கின்றன. அங்கிருந்து நடந்தோ பஸ் பிடித்தோ பூக்கடைக்குப் போகிறோம். அங்கே பூக்கடை என்பது ஒரு காவல் நிலையத்தின் பெயராகவும் பஸ் நிறுத்தத்தின் பெயராகவும் வழங்குகிறது. கொத்தவால் சாவடிக்குள் நுழைகிறோம். அங்கே கொத்தவாலும் இல்லை, சாவடியும் இல்லை.

மாதத்துக்கு இரண்டு மூன்று முறை போய்வரும் இடத்தின் பெயர்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று நாம் நின்று யோசித்ததில்லை. சரக்கு ஏற்றிவிட வேண்டும், பகல் வண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் நமக்கு. ஆனால் அந்தப் பெயர்களுக்குள் நம் தொழிலின் முந்நூற்று எண்பது ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. ஊருக்கு நடுவிலே ஒரு பொது இடம் எப்படி உண்டாகிறது, அதில் வியாபாரி எப்படி வேரூன்றுகிறான், பிறகு அவனை அங்கிருந்து ஏன் பெயர்க்கிறார்கள் என்பதையெல்லாம் பாரிமுனையின் கதை நமக்குச் சொல்கிறது. அதை இந்த இதழில் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில் நம் ஊர் மன்றம்

தொடங்குவதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் கதை நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வாணிபத்துக்கு வந்த செட்டி ஒருவனைப் பழிவாங்க, நீலி என்னும் பேய் அவன் மனைவியைப் போல உருவெடுத்து, கையில் ஒரு குழந்தையோடு பின்தொடர்ந்தாள். வழக்கு ஊர் மன்றத்துக்கு வந்தது. நீலி வடித்த கண்ணீரைக் கண்டு ஊரார் இரங்கினார்கள். 'இவளோடு இன்றிரவு தங்கு, உன் உயிருக்கு ஆபத்து வந்தால் நாங்கள் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று வேளாளர் எழுபது பேரும் வணிகனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் இறந்து கிடந்தான். சொன்ன சொல் தவறக்கூடாது என்று எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைச் சுட்டியிருக்கிறார். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் இன்றும் சொல்வது இதிலிருந்து வந்ததுதான்.

இக்கதையை வேளாளர் பெருமைக்காகச் சொல்வார்கள். வணிகர்களாகிய நாம் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செத்தவன் வெளியூர் வியாபாரி. அவனுக்கு அந்த ஊரில் உறவு இல்லை, நிலம் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு, பொது இடத்தில் பலர் அறியக் கொடுத்த வாக்கு. சந்தை என்றாலும் சதுக்கம் என்றாலும் மன்றம் என்றாலும் அதன் அடிப்படை இதுதான். முகம் தெரியாதவனும் நம்பி வந்து மூட்டையை இறக்கி வைக்கக்கூடிய இடம் அது.

காரைக்கால் அம்மையார் பிறந்ததும் புகுந்ததும் வணிகர் குடி. அவர் முடிவாக வந்து சேர்ந்த தலம் நம் திருவாலங்காடு. ஆக, இந்த மண்ணுக்கும் வணிகத்துக்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததல்ல.

பூம்புகாரில் இருந்த ஏற்பாடு

நான்கு தெருக்கள் கூடும் இடம் சதுக்கம். சிலப்பதிகாரத்தில் பூம்புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டு பகுதிகளாக வருகிறது. இரண்டுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த வெளியில் பகல் சந்தை நடந்தது. அதற்கு நாளங்காடி என்று பெயர். இரவில் நடப்பது அல்லங்காடி. சந்தையை ஊரின் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் என்று ஒதுக்காமல், இரு பக்கத்தாருக்கும் பொதுவான இடத்தில் வைத்திருந்தார்கள் என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

அதே நகரில் ஐந்து மன்றங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று வெள்ளிடை மன்றம். வெளியூரிலிருந்து வந்த சரக்குப் பொதிகள் அங்கே திறந்த வெளியில் கிடக்கும். ஒவ்வொரு பொதியின் மேலும் உடையவர் பெயரும் எண்ணிக்கையும் எடையும் குறித்திருக்கும். பூட்டு இல்லை, காவலும் இல்லை. யாராவது திருடினால் அந்தப் பொதியைத் தலையில் சுமந்தபடி அங்கேயே சுற்றிச் சுற்றி வர நேரிடுமாம். இன்று லாரி ஆபீசில் மூட்டை மேல் மார்க்கா எழுதிப் பெயர் போடுகிறோமே, அந்த வழக்கம் அவ்வளவு பழையது. பொது இடம் ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அதில் குறியும் கணக்கும் நாணயமும் இருக்க வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள்.

கோட்டைக்கு வெளியே ஒரு கடைத்தெரு

இனி சென்னைக்கு வருவோம். 1639-ம் ஆண்டு ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, நாயக்கர்களிடமிருந்து கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு உரிமை பெற்றார். 1640-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழத் தொடங்கியது. கம்பெனிக்கு வேண்டியிருந்தது துணி. துணி வேண்டுமானால் நெசவாளர் வேண்டும், சாயக்காரர் வேண்டும், துபாஷ் வேண்டும், தரகர் வேண்டும். இவர்கள் எல்லாம் கோட்டைக்கு வடக்கே குடியேறினார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் கருப்பர் பட்டணம் என்றார்கள்.

அந்தப் பழைய கருப்பர் பட்டணம் இருந்த இடம் எது தெரியுமா? இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் இருக்கும் அந்த இடம்தான். அங்கே தெருக்கள் இருந்தன, கடைகள் இருந்தன, நடுவே பட்டணம் கோவில் என்று சொல்லப்பட்ட சென்னகேசவப் பெருமாள் கோவிலும் இருந்தது. அதாவது சென்னையின் முதல் கடைவீதி இன்று வக்கீல்கள் நடமாடும் வளாகத்துக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். கோட்டையை ஒட்டிய வீடுகளில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. மறுபடி 1758 டிசம்பரில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி படையோடு வந்து கருப்பர் பட்டணத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்த வீடுகளின் மறைவிலிருந்து கோட்டையைத் தாக்கினார். முற்றுகை 1759 பிப்ரவரி வரை நீடித்தது. கோட்டை விழவில்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். கோட்டைக்குப் பக்கத்தில் வீடும் கடையும் இருந்தால் அது எதிரிக்குக் கேடயம் என்பதே அந்தப் பாடம்.

அதன் விளைவை அனுபவித்தவர்கள் வியாபாரிகளும் நெசவாளர்களும்தான். பழைய கருப்பர் பட்டணம் முழுவதும் அகற்றப்பட்டது. மக்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். இடிக்கப்பட்ட பட்டணம் கோவிலுக்கு மாற்றாக 1760-களில் தேவராஜ முதலி தெருப் பக்கம் புதிய கோவில் எழுந்தது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அதற்குப் பொருளுதவி செய்தார். இன்று பூக்கடையில் சென்ன கேசவர், சென்ன மல்லீசுவரர் என்று அடுத்தடுத்து நாம் கும்பிடும் இரட்டைக் கோவில்கள் அவைதாம்.

ஆறு தூண்கள்

வெற்றிடமாக்கிய நிலத்தில் மறுபடி யாரும் குடிசையோ கடையோ போட்டுவிடக் கூடாது என்பதற்காக 1773-ல் கம்பெனி ஆறு எல்லைத் தூண்களை நாட்டியது. தூண்களுக்கும் கோட்டைக்கும் இடையே கட்டடம் கட்டத் தடை. இந்த வெளிக்கு எஸ்பிளனேடு என்று பெயர் வந்தது. ஆறில் ஒரு தூண் பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்னும் நிற்கிறது. அந்த வழியாக எத்தனையோ முறை நாம் மூட்டையோடு போயிருப்போம். அடுத்த முறை அரை நிமிடம் நின்று பாருங்கள். 'வியாபாரியே, இதற்கு மேல் வராதே' என்று இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நட்ட கல் அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வராதே என்று கோடு கிழித்த அந்தக் கோட்டின் மேலேதான் பெரிய வியாபாரம் வளர்ந்தது. கோட்டைக்கும் துறைக்கும் மிக நெருக்கமாகக் கட்டடம் கட்டக்கூடிய கடைசி இடம் அதுதான் என்பதே காரணம். 1788-ல் சென்னைக்கு வந்து தொழில் தொடங்கிய தாமஸ் பாரியின் கம்பெனி அந்த முனையில் நிலைபெற்றது. முனைக்கே பாரிமுனை என்று பெயராயிற்று. இன்றுள்ள டேர் ஹவுஸ் 1940-ல் முடிந்த கட்டடம். வெறும் வெளியை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஓடிய சாலை சைனா பஜார் ஆயிற்று. இப்போது அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை.

பீரங்கிக்காக ஒழித்த வெளி, காலப்போக்கில் ஊருக்குப் பொது வெளியானது. 1840-களில் அங்கே கலங்கரை விளக்கம் எழுந்தது. கோட்டை மேல் படையெடுக்க இனி யாரும் வரப்போவதில்லை என்று ஆனபிறகு, 1892-ல் அந்த வெளியிலே உயர் நீதிமன்றம் வந்தது. சில ஆண்டுகளில் சட்டக் கல்லூரியும் வந்தது. திறந்த வெளி சுருங்கியது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைச் சுட்டபோது ஒரு குண்டு இந்த நீதிமன்றச் சுவர்ப் பக்கம் விழுந்தது. அதற்கான கல்வெட்டுப் பலகை இன்றும் அங்கே உள்ளது. எம்டன் என்ற சொல் நம் பேச்சுத் தமிழில் நிலைத்தது அன்றிலிருந்துதான்.

ஒரு ஜெர்மன் நகரம் செய்தது என்ன?

ஜெர்மனி என்றதும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் நினைவுக்கு வருகிறது. அந்நாட்டின் தெற்கே மியூனிக் என்னும் நகரின் நடுவில் மரியன்பிளாட்ஸ் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. அந்த ஊர் பிறந்ததே ஒரு சந்தைத் தகராறில்தான். உப்பு வண்டிகள் ஆற்றைக் கடக்கும் பாலம் ஒரு பிஷப்பின் கையில் இருந்தது. பாலத்துக்கு வரி, சந்தைக்கு வரி என்று எல்லாம் அவருக்குப் போயின. அந்தப் பகுதியை ஆண்ட ஹென்றி என்னும் பிரபு அந்தப் பாலத்தை ஒழித்துவிட்டுத் தன் எல்லையில் புதிய பாலமும் சந்தையும் ஏற்படுத்தினார். 1158-ல் பேரரசர் முன் பஞ்சாயத்து நடந்து, சந்தை புதிய இடத்திலேயே இருக்கட்டும், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு பிஷப்புக்கு என்று முடிவானது. மியூனிக்கின் பிறந்த ஆண்டாக இன்றும் கொண்டாடப்படுவது அந்த 1158 தான்.

அதைவிட முக்கியமானது 1315-ல் நடந்தது. லுட்விக் என்னும் அரசர் அந்த ஊருக்குச் சந்தை உரிமை வழங்கியபோது ஒரு நிபந்தனையும் விதித்தார். சந்தைச் சதுக்கத்தில் என்றைக்கும் கட்டடம் கட்டக் கூடாது என்பதே அது. வாங்குவோரும் விற்போரும் தாராளமாக நடமாட இடம் வேண்டும் என்பது நோக்கம். எழுநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தச் சதுக்கம் வெளியாகவே இருக்கிறது.

அங்கேயும் சந்தை இடம்பெயராமல் இல்லை. ஊர் பெருத்துச் சதுக்கத்தில் இடம் போதாமல் ஆனபோது, 1807-ல் காய்கறி, இறைச்சி முதலிய உணவுப்பொருள் சந்தையைப் பக்கத்து இடத்துக்கு மாற்றினார்கள். விக்டுவாலியன்மார்க்ட் என்று அதற்குப் பெயர். இன்றும் அது நடக்கிறது. தானியச் சந்தை 1853-ல் தனியாகக் கட்டிய மண்டபத்துக்குப் போயிற்று. அதுவரை தானியச் சந்தைப் பெயரால் வழங்கிய சதுக்கம் 1854-ல்தான் மரியன்பிளாட்ஸ் ஆனது. 1638-ல் நிறுத்திய மாதா தூண் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். 1972-ல் வாகனங்களை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விட்டார்கள். அடியில் ரயில், மேலே மக்கள்.

கவனியுங்கள். காய்கறிச் சந்தையைப் பெயர்த்து வைத்த இடம் பழைய சதுக்கத்திலிருந்து சில நிமிட நடைதான். சதுக்கத்துக்கு வந்த வாடிக்கையாளர் அப்படியே சந்தைக்கும் போகலாம். சென்னையிலும் வெளி இருந்தது, அங்கும் கட்டடத்துக்குத் தடை இருந்தது. ஆனால் ஓர் ஊரில் தடை வந்தது வியாபாரத்துக்காக, இன்னோர் ஊரில் பீரங்கிக்காக. பீரங்கிக்கு வேலை இல்லாமல் போனதும் தடைக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. வியாபாரிக்காக என்று அந்த வெளியை யாரும் காத்து வைக்கவில்லை.

தெருவுக்கு ஒரு சரக்கு

தள்ளப்பட்ட இடத்தில் நம் முன்னோர் சும்மா இருக்கவில்லை. முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நடுவே சாக்கடையாக ஓடிய ஒரு பள்ளம் இருந்தது. ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் 1780-களில் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். அதுவே பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. அங்கே பாப்பம் பெயரில் ஒரு சந்தையும் நடந்தது. சாலையின் இருபுறமும் தெருக்கள் பிரிந்தன. ஒவ்வொரு தெருவும் ஒரு சரக்குக்கு என்று ஆயிற்று. கோடவுன் தெரு துணிக்கு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு மளிகைக்கும் முந்திரி திராட்சைக்கும், ஆண்டர்சன் தெரு காகிதத்துக்கும் அழைப்பிதழுக்கும், ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக்கு, தங்கசாலைத் தெரு நகைக்கும் பாத்திரத்துக்கும் என்று பழகிப்போனது. 1911-ல் கருப்பர் பட்டணம் என்ற பெயர் போய் ஜார்ஜ் டவுன் என்ற பெயர் வந்தது. வியாபாரம் அப்படியே தொடர்ந்தது.

தெருவுக்கு ஒரு சரக்கு என்பதில் சின்ன வியாபாரிக்கு என்ன லாபம்? பத்துக் கடை ஏறி இறங்கினால் அன்றைய விலை தெரிந்துவிடும். ஒருவர் மிளகாய்க்கு ஏற்றிச் சொன்னால் பக்கத்துக் கடையில் உண்மை வெளிவரும். தரம் பார்க்க, சாம்பிள் கையில் எடுக்க, கடன் கேட்க, தவணை சொல்ல எல்லாவற்றுக்கும் நேரில் போக முடிகிற நெருக்கம் அது. செல்போனில் விலைப்பட்டியல் வரும் இந்தக் காலத்திலும் புதுச் சரக்கு என்றால் நாம் நேரில் போகத்தான் விரும்புகிறோம். அதற்குக் காரணம் இதுதான்.

பிராட்வே சந்தை நெருக்கடியானபோது, நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டிப் புதிய மார்க்கெட் கட்டத் தொடங்கினார். 1900-ல் அது திறக்கப்பட்டது. செங்கல் நிறத்தில் சதுரமாக, நடுவில் முற்றத்தோடு இருந்த மூர் மார்க்கெட்டை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். பழைய புத்தகம் முதல் கிளிக்குஞ்சு வரை கிடைத்த இடம். 1985 மே 30 அன்று தீப்பற்றி எரிந்தது. கடைக்காரர்கள் பலர் அருகிலிருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். எரிந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. நம் திருவாலங்காட்டு வண்டி போய் நிற்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் அதுவே. எண்பத்தைந்து ஆண்டு வியாபாரத்தில் இன்று மீதி இருப்பது டிக்கெட்டில் அச்சாகும் பெயர் ஒன்றுதான்.

கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேடு

கொத்தவால் என்பவர் அந்தக் காலத்தில் சந்தையையும் ஊர்க்காவலையும் கவனித்த அதிகாரி. அவருடைய சாவடி இருந்த இடம் கொத்தவால் சாவடி. அந்தச் சந்தை, ஆரிய வைசிய வணிகர்களின் கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்துக்குச் சொந்தமாக இருந்தது. சந்தை வருமானம் கோவிலுக்கும் கல்விக்கும் அறத்துக்கும் போயிற்று. வியாபாரிகளே சந்தைக்கு உடையவர்களாக இருந்து, லாபத்தைப் பொதுக் காரியத்துக்குத் திருப்பினார்கள் என்பது நம் சங்கங்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

1996-க்கு முன் அங்கே போனவர்களுக்கு அந்த நெருக்கடி மறந்திருக்காது. நள்ளிரவில் லாரிகள், விடியற்காலையில் கூடைக்காரர்கள், காலடியில் அழுகிய முட்டைக்கோசு இலை, 'வழி, வழி' என்று கத்திக்கொண்டு வரும் சுமைக்காரர், நடுவே மீன்பாடி வண்டி. மழை பெய்தால் முழங்கால் சேறு. லாரி உள்ளே வந்தால் வெளியே போக மணிக்கணக்காகும். சந்தையை மாற்ற வேண்டும் என்று அரசு சொன்னதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

1996-ல் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கட்டிய கோயம்பேடு மொத்த விற்பனை வளாகத்துக்குக் காய், கனி, பூ வியாபாரம் போனது. ஏறத்தாழ 295 ஏக்கர் பரப்பு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். அகலமான பாதை, லாரி நிறுத்த இடம். 2002 நவம்பரில் வெளியூர்ப் பேருந்துகளும் பிராட்வேயை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போயின.

இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று நம் கணக்கில் பார்ப்போம். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் சரக்கு அனுப்புகிறவருக்கு லாபம். நகரத்துக்குள் நுழையாமலே இறக்கிவிட்டுத் திரும்பலாம். மண்டிக்காரருக்கும் லாபம், கடை தாராளம். சொந்தமாக வண்டி வைத்திருக்கும் கடைக்காரருக்கும் லாபம். திருவள்ளூர்ச் சாலை வழியாக விடியுமுன் போய் விடிந்ததும் திரும்பிவிடலாம். ஆனால் ரயிலில் போய்வரும் சின்னக் கடைக்காரருக்கு? முன்பு ஒரே பயணத்தில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் பருப்பும் மிளகாயும், நாலு எட்டு வைத்தால் கொத்தவால் சாவடியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாங்கி ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம். அதன் பிறகு மளிகை ஒரு திசை, காய் ஒரு திசை. இரண்டு பயணம், இரண்டு கூலி, இரண்டு நாள் கடைச் சாத்தல். இந்த இரட்டைச் செலவைத் தாங்க முடியாமல், காய் வியாபாரத்தை விட்டுவிட்டு மளிகையோடு நின்றுகொண்டவர்களை நாம் அறிவோம். மாற்றம் தேவைதான். ஆனால் மாற்றுகிறபோது தலைச்சுமைக்காரனின் கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் யாரும் இல்லை. கேட்பதற்கு நமக்குச் சங்கம் இருந்தால்தான் அந்தக் கணக்கு மேசைக்கு வரும்.

மளிகை மொத்த வியாபாரம் மட்டும் பழைய தெருக்களை முழுவதும் விட்டுப் போகவில்லை. இன்றும் கொத்தவால் சாவடிப் பக்கம் மளிகை மண்டிகள் இருக்கின்றன. கெட்டுப்போகாத சரக்குக்கு அவசரம் இல்லை. வாடிக்கையும் நம்பிக்கையும்தான் அதை அங்கே நிறுத்தியிருக்கின்றன.

திருமழிசையில் கண்ட பாடம்

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2020-ல் பார்த்தோம். கொரோனா தொற்று பரவியதால் அந்த ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருமழிசைக்கு வந்தது. பழமும் பூவும் மாதவரத்துக்குப் போயின. திறந்த வெளியில் தற்காலிகக் கொட்டகைகள். மழை பெய்தால் நிலம் சேறாகிச் சரக்கு வீணாயிற்று. வியாபாரிகள் பட்ட அவதியைப் பத்திரிகைகள் எழுதின. செப்டம்பர் 28-ல்தான் கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் மறுபடி தொடங்கியது.

அந்த மாதங்களில் ஊரடங்குக்குள் கிராமங்களுக்குச் சோறு போட்டது யார்? பெரிய வளாகங்கள் மூடிக் கிடந்தபோது, தெருமுனைப் பெட்டிக்கடையும் நம் போன்ற மளிகைக் கடையும்தான் கடன் சொல்லியாவது பொருள் கொடுத்தன. இதை நாமே சொல்லிக்கொள்வது தற்பெருமை ஆகாது. ஊர் நடுவே கடை இருக்க வேண்டியதன் அவசியத்துக்கு அது சாட்சி.

நம் கையில் இருப்பது

இவ்வளவும் பழங்கதை பேசுவதற்காகச் சொல்லவில்லை. நம் ஊருக்கும் சதுக்கம் உண்டு. கோவிலைச் சுற்றியுள்ள தேரோடும் வீதிகளும் சந்நிதித் தெருவும் கடைத்தெருவும் பஸ் நிற்கும் இடமும் சேர்ந்ததுதான் நம் மரியன்பிளாட்ஸ். மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உற்சவத்துக்கும் வரும் கூட்டத்தில் நமக்கு நடக்கும் வியாபாரம் எவ்வளவு என்பது நம் கல்லாப்பெட்டிக்குத் தெரியும். அந்தக் கூட்டம் நின்று, நடந்து, கடை பார்த்து வாங்க இடம் வேண்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்கு முன் ஒரு முழம் தகரம் இறக்குகிறோம். அடுத்த ஆண்டு அதன் கீழே இரண்டு மூட்டை வைக்கிறோம். மூன்றாம் ஆண்டு அதற்கு முன்னால் ஒரு பெஞ்சு. பக்கத்துக் கடைக்காரரும் அப்படியே. தெரு பாதியாகிவிடுகிறது. ஒரு நாள் பொக்லைன் வந்து நிற்கும்போது, 'வியாபாரி வயிற்றில் அடிக்கிறார்கள்' என்கிறோம். நாம் உட்பட எல்லோரும் இதில் குற்றவாளிகள்தான்.

எஸ்பிளனேடு வெளியைக் காத்தது பீரங்கி. மியூனிக் வெளியைக் காத்தது ராஜ கட்டளை. நம் ஊர் வெளியைக் காக்க இரண்டும் இல்லை. நாம்தான் காக்க வேண்டும்.

ஆகவே, உறுப்பினர்கள் சிந்திக்கச் சில கருத்துகளை முன்வைக்கிறோம்:

1. கடைக்கு முன்னுள்ள பொது இடத்தில் சரக்கு இறக்குவதற்கு நேரம் வகுத்துக்கொள்வோம். காலை குறிப்பிட்ட மணிக்குள் இறக்கி உள்ளே எடுத்துவிட்டால், பகலில் தெரு வாடிக்கையாளருக்குக் கிடைக்கும்.

2. தரைக்கடைக்காரரை எதிரியாக எண்ண வேண்டாம். கீரைக்காரம்மாவைத் தேடி வருகிறவர்தான் நம்மிடம் புளியும் வாங்குகிறார். 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓரிடத்தில் நடந்துவரும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தையாகக் கொண்டு, அங்குள்ளோரை இடம்பெயர்க்கக் கூடாது என்றும் அச்சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நம் பகுதியில் நடக்கும் வாரச் சந்தைகள் எத்தனை ஆண்டாக நடக்கின்றன என்பதற்கான பழைய ரசீது, ஏலக் குறிப்பு, புகைப்படம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். நாளை அவை பேசும்.

3. பஸ் நிலையமோ சந்தையோ இடம் மாறப்போகிறது என்ற பேச்சு வந்தால், வரைபடம் தயாராகும் முன்பே சங்கத்தின் மூலம் எழுத்தில் கருத்துத் தெரிவிப்போம். கட்டி முடித்த பிறகு கடையடைப்பு நடத்திப் பயன் இல்லை.

4. எடைக்கல், தராசு, விலைப்பட்டியல் இவற்றில் சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம். வெள்ளிடை மன்றத்தில் பூட்டில்லாமல் பொதி கிடந்தது, அதன் மேல் எழுதிய அளவு சரியாக இருந்ததால்தான்.

அடுத்த முறை மூர் மார்க்கெட் காம்ப்ளெக்சில் இறங்கும்போது அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுப் படியுங்கள். சந்தை எரிந்த பிறகும் பெயர் நின்றது. பழையனூரில் வணிகனுக்கு வாக்குக் கொடுத்த மன்றம் இன்று இல்லை, ஆனால் வாக்கின் கதை நிற்கிறது. நம் கடைத்தெருவின் பெயரும் ஒரு நாள் வெறும் டிக்கெட்டில் மட்டும் மிஞ்சாமல், தெருவாகவும் கடையாகவும் கூட்டமாகவும் நம் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கான முதல் வேலையை நாளைக் காலை கடை திறக்கும்போதே செய்யலாம். வாசலில் கிடக்கும் அந்த இரண்டு மூட்டையை உள்ளே இழுத்து வைப்போம்.